மருந்தேற்றிய காயக்கட்டுகளின் நச்சு விளைவுகள்

மருந்தேற்றிய காயக்கட்டுகளின் நச்சு விளைவுகள் என்பன, அறுவைப் புண்கள், வெட்டுக்காயங்கள், தீப்புண்கள், ஆறாப் புண்கள் ஆகியவற்றின் மீது இடப்படும் மருந்து கலந்த கட்டுகளால் தோலிலோ உடல் முழுவதுமோ ஏற்படும் தீய விளைவுகள் ஆகும். அயோடின், வெள்ளி, குளோரெக்சிடின், நியோமைசின், நைட்ரோபியூரசோன், அயோடோஃபார்ம் முதலியவை கட்டுகளில் பரவலாகப் பயன்படும் மருந்துகள். நுண்ணுயிரிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படும் இப்பொருட்கள் பெரும்பாலானோருக்குத் தீங்கின்றிப் பயன்படுகின்றன. எனினும் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படுகிறது. புண்ணின் பரப்பு பெரிதாக இருப்பின், மருந்து குருதியில் கலந்து சிறுநீரகம், தைராய்டு, நரம்பு மண்டலம், குருதியணுக்கள் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும்.

கட்டு புண்ணை மூடியிருப்பதால் இவ்விளைவுகள் பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருகின்றன. தெரிந்த பின்னரும் அவை கிருமித்தொற்று எனத் தவறாகக் கருதப்பட்டு, அதே மருந்து மேலும் இடப்படுவதுண்டு. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்று மருத்துவமனைக்குச் செல்லும் வழி நீண்ட மலைப்பகுதிகளில் இத்தாமதம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இவ்வகை மலைப்பகுதிகளில் மருந்துக்கடைக் கட்டுகளுடன் பச்சிலைக் கட்டுகளும் வழக்கில் இருப்பதால், அவற்றின் விளைவுகளும் இக்கட்டுரையில் கூறப்படுகின்றன.

வரலாறு

புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் மிகப் பழைய வழக்கமாகும். சுசுருத சம்கிதை பதினான்கு வகைக் கட்டுகளை விவரிக்கிறது. தேன், நெய் ஆகியவற்றைப் புண்ணில் இடுவதையும் அந்நூல் கூறுகிறது. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் ஆகியவை சேர்ந்த மத்தன் தைலம் புண்களுக்கு வெளிப்பூச்சாகப் பயன்படுகிறது.

நவீன மருத்துவத்தில் மருந்தேற்றிய கட்டின் வரலாறு 1865-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், எலும்பு முறிந்து வெளியே தெரிந்த காயம் கொண்ட ஒரு சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த கட்டை இட்டார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. 1867-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இம்முறை அறுவை மருத்துவத்தையே மாற்றியது. ஆனால் கார்பாலிக் அமிலம் புண்ணின் வழியே உட்கிரகிக்கப்பட்டு, நோயாளிகளின் சிறுநீர் கருநிறமாவதையும், சிலர் மயக்கமுறுவதையும் மருத்துவர்கள் விரைவிலேயே கண்டனர். கட்டிலுள்ள மருந்து புண்ணோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதுவே முதல் பெரிய பாடமாக அமைந்தது.

1880-ஆம் ஆண்டையொட்டி, வியன்னா நகரின் மொசேட்டிக்-மூர்ஹோஃப் அயோடோஃபார்ம் கட்டுகளைப் பரப்பினார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அயோடோஃபார்ம் நஞ்சேற்றம் குறித்த குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. முதல் உலகப் போரில் புண்கள் பெருகியபோது டேக்கின் கரைசல், எடின்பரோ பல்கலைக்கழகச் சுண்ணக் கரைசல் எனப்படும் யூசால், பிஸ்மத்-அயோடோஃபார்ம்-பாரபின் பசை ஆகியவை புழக்கத்துக்கு வந்தன. இவற்றுள் முதலிரண்டும் 1915-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பசையை 1916-இல் ரதர்ஃபோர்டு மாரிசன் அறிமுகப்படுத்தினார்.

1955-இல் அமெரிக்காவில் பொவிடோன்-அயோடின் உருவாக்கப்பட்டது. 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் தீப்புண்களுக்கான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பை அறிமுகப்படுத்தினார். இவ்விரண்டும் இன்றும் இந்திய மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படுகின்றன.

நச்சு விளைவு ஏற்படும் விதம்

நலமுள்ள தோல் ஒரு சுவர் போலச் செயற்படுகிறது. அதன் மேலடுக்கு பெரும்பாலான வேதிப்பொருட்களை உள்ளே விடுவதில்லை. புண்ணில் இந்த அடுக்கு இருப்பதில்லை. அங்கே இடப்படும் மருந்து நேராகத் திசுக்களையும் நுண்குழாய்களையும் சென்றடைகிறது. மேலும், மூடிக் கட்டுவதால் ஈரமும் வெப்பமும் கூடி, மருந்து உட்செல்லும் அளவு அதிகரிக்கிறது. விளைவுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* எரிச்சல் விளைவு: மருந்தின் செறிவினால் நேரடியாகத் தோல் புண்படுதல். இதற்கு முன் அம்மருந்தோடு பழக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. நீர்க்காத குளோரோசைலெனால் கரைசலை நனைத்துக் கட்டுதல், டிங்சர் அயோடினைத் தடவி உடனே இறுக மூடுதல் ஆகியவற்றால் கொப்புளங்கள் தோன்றுவது இவ்வகையைச் சேர்ந்தது.
* தாமத ஒவ்வாமை: உடலின் தற்காப்பு அணுக்கள் மருந்தைப் பகையாக அடையாளங் கண்டு எதிர்வினை புரிதல். முதன்முறை பயன்படுத்துகையில் இது உருவாகப் பொதுவாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஒருமுறை உருவான பின், மீண்டும் அம்மருந்து பட்டால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். நியோமைசின், நைட்ரோபியூரசோன் ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை.
* உடனடி ஒவ்வாமை: சில நிமிடங்களில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், குருதி அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படுதல். இது அரிது, ஆயினும் உயிருக்கு ஆபத்தானது. குளோரெக்சிடின், பேசிட்ராசின் ஆகியவற்றால் இது நிகழ்ந்துள்ளது.
* உட்கிரகிப்பு நஞ்சேற்றம்: மருந்து குருதியில் கலந்து உள்ளுறுப்புகளைப் பாதித்தல்.
* திசு நச்சு: புண்ணை ஆற்றும் இளம் திசுவணுக்களையும் மருந்து கொல்வதால் புண் ஆறத் தாமதமாதல். இதில் வெளிப்படையான அறிகுறி ஏதும் இருப்பதில்லை. புண் ஆறாமல் நிற்பது ஒன்றே அடையாளம்.

பாதிப்பைக் கூட்டும் காரணிகள்

புண்ணின் பரப்பே முதன்மையான காரணி ஆகும். ஒருவரது விரல்களோடு கூடிய உள்ளங்கையின் பரப்பு, அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ 1% ஆகும். இக்கணக்கைக் கொண்டு புண்ணின் பரப்பை எவரும் தோராயமாக அளவிடலாம். உள்ளங்கை அளவுள்ள புண்ணில் தீங்கற்ற மருந்து, உடலின் ஐந்தில் ஒரு பங்கை மூடிய தீப்புண்ணில் நஞ்சாக மாறலாம்.

குழந்தைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு மிகுதி. பச்சிளங் குழந்தைகளில் இவ்விகிதம் பெரியவர்களைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். அவர்களின் தோலும் மெல்லியது. எனவே ஒரே அளவு களிம்பு குழந்தைக்குப் பன்மடங்கு மருந்தாகிறது. சிறுநீரகக் கோளாறு உடையோர், தைராய்டு நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. குளுக்கோசு-6-பாஸ்பேட்டு டிஹைட்ரசனேசு நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மருந்துகளால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். மலேரியா பரவியிருந்த பகுதிகளின் மக்களிடமும் பழங்குடியினர் சிலரிடமும் இக்குறைபாடு இந்தியாவில் காணப்படுகிறது.

மருந்துவாரியாக விளைவுகள்

அயோடின் சேர்மங்கள்

பத்து விழுக்காடு பொவிடோன்-அயோடின் கரைசலில் பயன்படத்தக்க அயோடின் 1% உள்ளது. சிறு காயங்களில் இது பாதுகாப்பானது. பரந்த தீப்புண்களில் தொடர்ந்து இடும்போது குருதியில் அயோடின் மிகுந்து, குருதி அமிலத்தன்மை அடைதலும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்பட்டுள்ளன. அயோடின் மிகும்போது தைராய்டு சுரப்பி தன் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்கிறது. இது உல்ஃப்-சைகாஃப் விளைவு எனப்படும். பெரியவர்களின் சுரப்பி விரைவில் மீண்டுவிடும். குறைமாதக் குழந்தைகளின் சுரப்பி அவ்வாறு மீள்வதில் சிரமப்படுவதால் தைராய்டு குறைபாடு நீடிக்கலாம். மூளை வளரும் பருவத்தில் இது கவலைக்குரியது.

ஆறாப் புண்களில் இடப்படும் காடெக்சோமர் அயோடின் 0.9% அயோடின் கொண்டது. ஒரு முறைக்கு 50 கிராம், ஒரு வாரத்துக்கு 150 கிராம், தொடர்ச்சியாக மூன்று மாதம் என இதற்கு வரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

அயோடோஃபார்ம் தன் எடையில் ஏறத்தாழ 97% அயோடினைக் கொண்டது. ஆழமான குழிப்புண்களிலும், பல் பிடுங்கிய குழியிலும், காது மூக்கு அறுவைகளிலும் இதில் ஊறிய நாடாத்துணி திணிக்கப்படுகிறது. இதன் நஞ்சேற்றம் பெரும்பாலும் மனநிலை மாற்றமாகவே தொடங்கும். உறக்கமின்மை, எரிச்சல், தலைவலி, விரைந்த நாடித்துடிப்பு, குழப்பம், பிதற்றல் ஆகியவை அறிகுறிகள். முதியவர்களிடம் இவை மூப்பின் குழப்பமாகக் கருதப்பட்டுக் கவனிக்கப்படாமல் போகலாம். பிஸ்மத் சேர்ந்த பசையில், இதனுடன் பிஸ்மத்தின் நரம்பு நச்சும் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு.

வெள்ளி

வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு 1% செறிவில் பயன்படுகிறது. தொடங்கிய இரண்டு முதல் நான்கு நாட்களில் வெள்ளையணுக்கள் குறைவதுண்டு. இது பொதுவாகத் தானே சரியாகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு இக்களிம்பு தவிர்க்கப்பட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும், மகப்பேறு நெருங்கிய தாய்மார்களுக்கும் இதனை இடுவதில்லை. சல்ஃபா மருந்து குருதிப் புரதத்திலிருந்து பிலிருபினை விடுவித்து, குழந்தையின் மூளையில் படியச் செய்யக்கூடும் என்பதே காரணம்.

வெள்ளி நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். இது ஆர்ச்சிரியா எனப்படும். இந்நிறம் பொதுவாக மறைவதில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்குறிப்பு, உடற்பரப்பில் 30% தீப்புண்ணுக்கு வெள்ளிப்பூச்சுக் கட்டு இடப்பட்ட 17 வயது இளைஞர் ஒருவருக்கு முகம் சாம்பல் நிறமானதையும், கல்லீரல் நொதிகள் உயர்ந்ததையும் விவரித்தது. கட்டை நீக்கியதும் நொதிகள் இயல்புக்குத் திரும்பின.

முன்னர்ப் பயன்பட்ட 0.5% வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல், புண்ணின் வழியே உடலிலிருந்து சோடியத்தை வெளியேற்றியது. சிலருக்குக் குருதியில் ஆக்சிசனைச் சுமக்க இயலாத மெத்தமோகுளோபினையும் உண்டாக்கியது.

நுண்ணுயிர்க்கொல்லிகள்

நியோமைசின், அதனோடு நெருங்கிய உறவுடைய ஃபிராமைசெட்டின் ஆகியவை களிம்பு, தூள், பாரபின் தடவிய வலைத்துணி ஆகிய வடிவங்களில் கிடைக்கின்றன. இவற்றுள் ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாது. பெரிய புண்களில் இவை உட்கிரகிக்கப்பட்டால் செவி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இவ்வாறு இழந்த செவித்திறன் மீள்வதில்லை. நியோமைசின் 2010-ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடுதோலழற்சிக் கழகத்தால் அறிவிக்கப்பட்டது. பேசிட்ராசின் 2003-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டிருந்தது.

நைட்ரோபியூரசோன் மஞ்சள் நிறக் களிம்பு. இந்தியாவில் தீப்புண்களுக்கும் வெட்டுக்காயங்களுக்கும் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் பயன்பட்டு வந்தது. இதனால் தோல் ஒவ்வாமை இந்தியாவில் அடிக்கடி காணப்படுவதால், ஒட்டுச் சோதனைக்கான இந்தியத் தர வரிசையில் இது இடம்பெற்றுள்ளது. இதன் களிம்புத் தளமான பாலியெத்திலீன் கிளைக்காலும் தீங்கற்றதன்று. பரந்த தீப்புண் கொண்ட நோயாளிகளில், இத்தளம் உட்கிரகிக்கப்பட்டுச் சிறுநீரகச் செயலிழப்பும் குருதி அமிலத்தன்மையும் ஏற்பட்டதை 1982-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மருந்து மட்டுமன்றி, மருந்தைத் தாங்கும் பொருளும் நஞ்சாகலாம் என்பதற்கு இது சான்று.

குளோரெக்சிடின்

அறுவைக்கு முன் தோலைத் தூய்மையாக்கவும், குருதிக்குழாய்ச் செருகிகளைச் சுற்றிய கட்டுகளிலும் பயன்படுகிறது. இதனால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம் எனக் கண்டு, சளிச்சவ்வுகளில் இடுவதைத் தவிர்க்குமாறு 1984-இல் சப்பான் அரசு அறிவுறுத்தியது. 2017-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை வெளியிட்டது. குறைமாதக் குழந்தைகளின் தோலில் இது வேதித் தீப்புண் உண்டாக்கக்கூடும்.

நிறமுள்ள பழைய மருந்துகள்

மருந்தின் பெயரைக் கூறாமல் "சிவப்பு மருந்து", "ஊதா மருந்து", "மஞ்சள் மருந்து" என நிறத்தால் குறிப்பிடுவது தமிழகத்தில் வழக்கம்.

* சிவப்பு மருந்து எனப்பட்ட மெர்குரோகுரோம் பாதரசச் சேர்மம். 1998-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதனைப் பாதுகாப்பானதென ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருட்களின் வகையிலிருந்து நீக்கியது.
* ஊதா மருந்தான சென்சியன் வயலட், புற்றுநோய் வாய்ப்புக் காரணமாக 2019-இல் கனடா சுகாதாரத் துறையின் எச்சரிக்கைக்கு உள்ளானது.
* மஞ்சள் மருந்து என்பது அக்ரிஃபிளேவினாகவும் இருக்கலாம், நைட்ரோபியூரசோனாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் கொண்டு எது ஒவ்வாதது என்பதை அறிய இயலாது.
* போரிக் அமிலத் தூள் நிறமற்றது. தோலுரிந்த இடங்களில் இட்டதால் குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல் முழுதும் சிவந்து தோலுரிதல், வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஒட்டும் பகுதி

பிளாஸ்திரியின் பசையில் உள்ள மரப்பிசினும் இரப்பர்ச் சேர்மங்களும், பாரபின் வலைத்துணியில் சேரும் கம்பளிக் கொழுப்பும் ஒவ்வாமையைத் தரலாம். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் மட்டும் சதுரமாகச் சிவந்து, புண் நன்றாக இருப்பின் பசையே காரணம் என அறியலாம்.

பச்சிலைக் கட்டுகளும் வீட்டு மருந்துகளும்

வெட்டுக்காயப் பூண்டு அல்லது கிணற்றுப்பாசான் எனப்படும் செடியின் இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து காயத்தில் இடுவது தமிழகமெங்கும் காணப்படும் வழக்கம். மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி ஆகியவையும் பயன்படுகின்றன. இவை பொதுவாகக் கடும் நஞ்சல்ல. எனினும் வெட்டுக்காயப் பூண்டு பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தால் தோல் ஒவ்வாமை அடைந்தவர்களுக்கு, அக்குடும்பத்தின் பிற செடிகளும் ஒவ்வாமல் போகலாம்.

பின்வருவன புண்ணில் இடத்தகாதவை அல்லது மிக்க எச்சரிக்கை தேவைப்படுபவை:

* சேங்கொட்டை: இதன் கொட்டையின் நெய் தோலில் பட்டாலே கருகிய கொப்புளங்கள் உண்டாகும். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிட இதைப் பயன்படுத்தியதால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு அக்குறி பட்ட இடத்தில் தோலழற்சி ஏற்பட்டது.
* கொடிவேலி: இதன் வேரிலுள்ள பிளம்பாசின் தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.
* எருக்கம்பால், கள்ளிப்பால்: தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு.
* ஊமத்தை: இலையிலுள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் ஆகியவை புண்ணின் வழியே உட்செல்லக்கூடியவை. நாவறட்சி, கண்மணி விரிதல், படபடப்பு, பிதற்றல் ஆகியன அறிகுறிகள். முறைப்படி செய்த தைலத்தைச் சித்த மருத்துவரின் அறிவுரைப்படி இடுவதும், பச்சிலையை அரைத்துப் பெரிய புண்ணில் அப்புவதும் ஒன்றல்ல.
* சுண்ணாம்பு: காரத்தன்மையால் திசுவை அரிக்கும்.
* காப்பித்தூள், சாம்பல், சாணம்: குருதியை நிறுத்துவதாக எண்ணி இடப்படுகின்றன. இவற்றின் முதன்மைத் தீங்கு நச்சு அன்று, கிருமித்தொற்று ஆகும். குறிப்பாகச் சாணத்தால் இசிவு நோய் வர வாய்ப்புண்டு.

மரபு முறைகள் சில ஆய்வில் சிறந்து விளங்கியதும் உண்டு. 1991-இல் மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் ம. சுப்ரமண்யம் 104 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மேலோட்டமான தீப்புண்களில் தேன் கட்டு வெள்ளி சல்ஃபாடயசினைவிட நன்கு செயற்பட்டது. எனினும் மருத்துவத்துக்கான தேன், கிருமி வித்துகளை நீக்கக் காமாக் கதிர் கொண்டு தூய்மையாக்கப்படுகிறது. மலைத்தேனை எடுத்து அப்படியே ஆழ்ந்த புண்ணில் இடுவது அதற்கு ஈடாகாது. 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நுண்ணுயிர் நீக்கிய வாழையிலையைத் தீப்புண் கட்டாகப் பயன்படுத்தலாம் எனக் காட்டியது. வாழையிலை புண்ணில் ஒட்டுவதில்லை, மருந்தேதும் சேர்வதில்லை, விலையும் குறைவு.

கொல்லிமலைச் சூழல்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் ஒன்றாயினும் இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர், தமிழ் பேசுபவர்கள். மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, பலா, மரவள்ளி, சிறுதானியங்கள் ஆகியவை இங்குப் பயிராகின்றன. அரிவாள் கொண்டு களை வெட்டுதல், மரமேறி மிளகு பறித்தல், காப்பிச் செடி கவாத்து செய்தல் ஆகிய வேலைகளில் வெட்டுக்காயமும் சிராய்ப்பும் இயல்பானவை.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமீதுள்ள சோளக்காடு செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமீது செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. பெரிய சிகிச்சைக்கு நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. 108 அவசர ஊர்திச் சேவை தமிழகத்தில் 2008 செப்டம்பர் முதல் இயங்கிவருகிறது.

இச்சூழலில் மருந்தேற்றிய கட்டுகள் தொடர்பாக மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, காலம். அறுவை முடிந்து ஊர் திரும்பியவர் கட்டை மாற்ற மீண்டும் மலையிறங்குவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். எனவே இரண்டு நாளில் மாற்ற வேண்டிய கட்டு ஒரு வாரம் இருந்துவிடக்கூடும். உள்ளே தோல் கொப்புளித்திருந்தாலும் அரிப்பு "புண் ஆறுகிறது" என்பதன் அடையாளமாகவே கொள்ளப்படும். புண் ஆறும்போது இலேசான அரிப்பு இருப்பது உண்மையே. ஆனால் உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும், கட்டு நனையும் அளவுக்கு நீர் வடிதலும் ஆறுவதன் அடையாளங்கள் அல்ல.

இரண்டாவது, கலப்பு. மருத்துவமனைக் கட்டின் மேலோ, அதைப் பிரித்துவிட்டோ பச்சிலை இடப்படும்போது, எதனால் விளைவு ஏற்பட்டது என அறிவது கடினமாகிறது. பச்சிலை இட்டதைக் கூறினால் மருத்துவர் கடிந்துகொள்வார் என அஞ்சி நோயாளி அதை மறைத்தால், சிகிச்சையும் தவறான வழியில் செல்லும். இலை வைத்துக் கட்டுவதை இகழாமல் "வேறென்ன வைத்தீர்கள்" எனக் கேட்பது நோயறிதலின் ஒரு பகுதியே ஆகும்.

மூன்றாவது, பெயரறியாமை. எந்த மருந்து ஒவ்வாமல் போனது என்பது எழுதித் தரப்படாவிடில், அடுத்த காயத்தில் அதே மருந்து மீண்டும் இடப்படும். இரண்டாம் முறை விளைவு விரைவாகவும் கடுமையாகவும் இருக்கும்.

தொற்றா, ஒவ்வாமையா?

இவ்விரண்டையும் வேறுபடுத்துவதே நடைமுறையில் மிகவும் பயனுள்ளது.

* ஒவ்வாமையில் அரிப்பே முதன்மை. தொற்றில் வலியே முதன்மை.
* ஒவ்வாமையில் சிவப்பின் எல்லை, மருந்து அல்லது பிளாஸ்திரி பட்ட இடத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். தொற்றில் சிவப்பு புண்ணிலிருந்து ஒழுங்கின்றிப் பரவும்.
* ஒவ்வாமையில் சிறு நீர்க்கொப்புளங்களும் தெளிந்த நீர் வடிதலும் காணப்படும். தொற்றில் சீழும் துர்நாற்றமும் இருக்கும்.
* காய்ச்சலும், நெறிகட்டுதலும் தொற்றையே பெரிதும் சுட்டும்.
* மருந்தை இட இடப் புண் மோசமாவது ஒவ்வாமைக்குரிய குறிப்பு.

இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு என்பதால் ஐயம் இருப்பின் மருத்துவரை நாட வேண்டும். அதிகக் காய்ச்சல், உடல் முழுதும் சிவப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவை சேர்ந்து தோன்றினால், கிருமி நச்சினால் வரும் அதிர்ச்சி நிலையாகவும் இருக்கலாம். இது அவசர நிலை ஆகும்.

கண்டறிதல்

தாமத ஒவ்வாமையை உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை செய்யப்படுகிறது. ஐயத்துக்குரிய பொருட்கள் சிறு அளவில் முதுகில் ஒட்டப்பட்டு 48 மணி நேரத்துக்குப் பின் நீக்கப்படும். அப்போதும், 72 அல்லது 96 மணி நேரத்திலும் தோல் பார்வையிடப்படும். தோலழற்சி அடங்கிய பின்னரே இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

உட்கிரகிப்பு நஞ்சேற்றத்தில் சிறுநீரகச் செயற்பாடு, தைராய்டு சுரப்பு, குருதியணு எண்ணிக்கை, குருதியின் அமிலநிலை ஆகியவை ஆராயப்படுகின்றன. அயோடின் நஞ்சேற்றத்தில் சில கருவிகள் அயோடைடைக் குளோரைடு எனக் கணக்கிடுவதால், குருதியில் குளோரைடு பொய்யாக உயர்ந்து காணப்படும். இது நோயறிய உதவும் ஒரு குறிப்பு.

சிகிச்சை

கட்டை நீக்குவதே முதற் சிகிச்சை. புண்ணும் சுற்றுத்தோலும் 0.9% உப்புக் கரைசலாலோ, அது கிடைக்காதவிடத்துக் கொதித்து ஆறிய நீராலோ நன்கு கழுவப்பட வேண்டும். அதன்பின் மருந்தேதும் இல்லாத, ஒட்டாத பாரபின் வலைத்துணி இடப்படும். ஒரு மருந்து ஒவ்வாதபோது உடனே வேறொரு மருந்துக் களிம்பைத் தடவுவது குழப்பத்தை மிகுவிக்கும். அரிப்புக்கு ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரைகளும், சுற்றுத்தோலுக்கு ஸ்டிராய்டு களிம்பும் மருத்துவரால் வழங்கப்படலாம்.

மூச்சுத்திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் ஆகியவை தோன்றினால் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்படுபவர் உட்கார்ந்திருக்கலாம். இந்நிலைக்குரிய மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. மெத்தமோகுளோபின் மிகுந்தவர்களுக்கு மெத்திலீன் நீலம் தரப்படுகிறது. மேற்கூறிய நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இம்மருந்து ஆகாது. கடும் அயோடின் நஞ்சேற்றத்தில் குருதித் தூய்மிப்பு தேவைப்படலாம்.

தடுக்கும் முறைகள்

* கட்டிடுவதற்கு முன், முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் போனதா எனக் கேட்க வேண்டும்.
* தொற்று இல்லாத தூய அறுவைப் புண்ணுக்குப் பெரும்பாலும் மருந்தற்ற உலர்ந்த கட்டே போதுமானது.
* மருந்தின் பெயர், இட்ட நாள், மாற்ற வேண்டிய நாள் ஆகியவற்றை நோயாளிச் சீட்டில் எழுதித் தர வேண்டும்.
* குழிப்புண்ணில் திணித்த நாடாத்துணிகளின் எண்ணிக்கை குறிக்கப்பட வேண்டும்.
* குழந்தைகளுக்கும் பெரும் தீப்புண்களுக்கும் வீட்டில் களிம்பிடுவதைத் தவிர்த்துக் குளிர்ந்த நீரோட்டத்தில் 20 நிமிடம் காட்டி, தூய துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
* ஒவ்வாமை உறுதியானவர் அம்மருந்தின் பெயரை எழுதிய அட்டையை உடன் வைத்திருத்தல் நன்று.

சட்டமும் பதிவும்

இந்தியாவில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் எஃப்-2 அட்டவணை அறுவைக் கட்டுகளுக்கான தரங்களை வகுத்தது. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் அறுவைக் கட்டுகளையும் உள்ளடக்குகின்றன. இவை 2018 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன.

மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிவுசெய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் இதனை ஒருங்கிணைக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான தனிக் கண்காணிப்புத் திட்டம் 2015-இல் தொடங்கியது. மருத்துவர்கள் மட்டுமன்றி, செவிலியரும் மருந்தாளுநரும் பொதுமக்களும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பச்சிலை, களிம்பு, பிளாஸ்திரி என எதுவாயினும், இட்ட பொருளின் உறையையோ இலையையோ எடுத்துச் சென்று காட்டுவது நோயறிவதற்கும் பதிவுசெய்வதற்கும் பெரிதும் உதவும்.

இவற்றையும் பார்க்க

* தொடுதோலழற்சி
* தீப்புண்
* கொல்லிமலை
* வெட்டுக்காயப் பூண்டு
* சோசப்பு லிசுட்டர்